பள்ளிக்கு வரும் நீதிமன்றம்: மறுதரப்புக்காகவும் வாதாடக் கற்கும் மாணவர்கள்

புது தில்லி: நீதிமன்றம் என்றதும் பள்ளி மாணவர்களின் நினைவுக்கு வருபவை மூன்று. நீதிபதி மேசையில் தட்டும் சுத்தியல், சாட்சி கைவைத்துச் சத்தியம் செய்யும் பகவத் கீதை, கண்ணைக் கட்டிக்கொண்டு தராசுடன் நிற்கும் நீதிதேவதை. மூன்றும் திரைப்படம் கற்றுத் தந்தவை.

உண்மை வேறு. இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டத்தில் எந்தப் புனித நூலின் மீதும் கைவைக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நூலகத்தில் உள்ள, 2024 அக்டோபரில் நாடெங்கும் பேசப்பட்ட புதிய நீதிதேவதை சிலைக்குக் கண்கட்டு இல்லை. அதன் கையில் வாளும் இல்லை. அரசியல் சட்டப் புத்தகம் இருக்கிறது.

பள்ளிகளுக்குத் தன்னார்வத்துடன் செல்லும் வழக்குரைஞர்கள் முதலில் செய்ய வேண்டியிருப்பது இத்தகைய திருத்தங்களைத்தான். தலைநகரில் சில தனியார் பள்ளிகள் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு "மூட் கோர்ட்" எனப்படும் மாதிரி நீதிமன்றப் போட்டிகளை நடத்துகின்றன. அவற்றில் வழக்குரைஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் பயிற்சியாளர்களாகவும் நடுவர்களாகவும் அமர்கிறார்கள். தில்லி மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்குரைஞர்கள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று சட்ட விழிப்புணர்வு வகுப்புகள் எடுக்கிறார்கள். முதலாவதில் மாணவர் பேசுகிறார். இரண்டாவதில் பெரும்பாலும் வழக்குரைஞர் மட்டுமே பேசுகிறார். இந்த வேறுபாடு சிறியது அல்ல.

போட்டியல்ல, பயிற்சி: மாதிரி நீதிமன்றம் சட்டக் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. பன்னாட்டுச் சட்டத்தில் புகழ்பெற்ற ஜெஸப் போட்டி 1960-இல் தொடங்கியது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு சட்ட மாணவரும் படிப்புக் காலத்தில் மாதிரி வழக்காடலில் பங்கேற்றே ஆக வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

மாதிரி விசாரணை வேறு, மாதிரி நீதிமன்றம் வேறு. முன்னதில் சாட்சிகள் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. என்ன நடந்தது என்பதே கேள்வி. பின்னதில் நடந்தவை அனைத்தையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டாயிற்று. அந்த நிகழ்வுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டுமே கேள்வி. எனவே இதில் நடிப்புக்கு இடம் குறைவு. படிப்புக்கு இடம் அதிகம்.

நடைமுறை எளிது. வழக்கின் விவரம் இரண்டு பக்கங்களில் தரப்படும். ஒரு தரப்புக்கு இருவர் வாதிடுவர். மூன்றாமவர் சட்டப் பிரிவுகளையும் முன் தீர்ப்புகளையும் தேடித் தருவார். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். நீதிபதி இருக்கையில் அமரும் வழக்குரைஞர் எந்த நேரத்திலும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கலாம். மனப்பாடம் செய்து வந்தவர் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார். வழக்கைப் புரிந்துகொண்டு வந்தவர் பதில் சொல்லிவிட்டுத் தொடர்வார். பேச்சுப் போட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்விதான்.

நாடாளுமன்ற விவகார அமைச்சகம் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியை 1966-67-இல் தொடங்கியது. பின்னர் கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அவை நடத்தை, கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம் ஆகியவற்றைப் பல தலைமுறை மாணவர்கள் அங்கே கற்றனர். நாடாளுமன்றத்தைப் பழக்க அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு திட்டம் உள்ள நாட்டில், நீதிமன்றத்தைப் பழக்கும் முயற்சி தனித்தனிப் பள்ளிகளின் ஆர்வத்தையும் வழக்குரைஞர்களின் ஓய்வு நேரத்தையும் நம்பியே நிற்கிறது.

கேரளத்துக் கோப்பு: பள்ளி மாணவர்கள் வாதிடுவதற்கு ஏற்ற வழக்கு எது என்று தேடினால், மாணவர்களே தொடுத்த வழக்கு ஒன்று சட்ட அறிக்கைகளில் உள்ளது. "பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம்" என்பது அதன் பெயர்.

1985-ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு பள்ளியில், 10, 9, 5-ஆம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்தோர் மூவர், காலை வழிபாட்டில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றனர். ஆனால் உடன் பாடவில்லை. அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடுவதில்லை என்பது அவர்களது நம்பிக்கை. இதைக் கவனித்த சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவர் பேரவையில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழந்தைகள் சட்டத்தை மதிப்பவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்தக் குழு கூறியது. ஆனாலும் கல்வித்துறை அதிகாரியின் உத்தரவின்பேரில் ஜூலை 26-ஆம் தேதி தலைமை ஆசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும், பின்னர் இரு நீதிபதிகள் அமர்வும் மனுவைத் தள்ளுபடி செய்தனர். வழக்கு தில்லிக்கு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் ஆகியோர் 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் முடிவை ரத்து செய்தனர். குழந்தைகளை மீண்டும் பள்ளியில் சேர்த்து, இடையூறின்றிப் படிக்க விட வேண்டும் என்று உத்தரவிட்டனர்.

இரு தரப்பும் ஒருவருக்கே: தீர்ப்பு தெரிந்த வழக்கில் வாதிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாணவர்களுக்கான பாடம் அங்குதான் தொடங்குகிறது.

குழந்தைகள் தரப்பில் வாதிடுபவர் அரசியல் சட்டத்தின் 19 (1)-ஏ பிரிவை எடுப்பார். பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்குமா என்பது அவர் எழுப்ப வேண்டிய கேள்வி. அடுத்து 25-ஆவது பிரிவின் மனசாட்சிச் சுதந்திரத்துக்கு வருவார். 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், கீதம் பாடப்படுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்பவரையும்தான் தண்டிக்கிறது. பாடாதவரைத் தண்டிக்கவில்லை என்று எடுத்துக்காட்டுவார்.

அரசுத் தரப்பில் நிற்பவருக்கும் ஆயுதங்கள் உண்டு. தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51-ஏ பிரிவு சொல்கிறது. பள்ளி என்றால் ஒழுங்கு வேண்டும். ஒருவருக்கு விலக்கு அளித்தால் நாளை இன்னொருவர் வேறொரு காரணம் சொல்வார். ஒன்றுபட்டுப் பாடுவதே ஒற்றுமையின் முதற்பாடம் அல்லவா? இரண்டு உயர் நீதிமன்ற அமர்வுகள் அரசின் பக்கம் நின்றதை நினைவில் கொண்டால், இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல என்பது விளங்கும்.

உச்ச நீதிமன்றம் கண்ட விடை இரு படிகளைக் கொண்டது. எழுந்து நிற்பதே மரியாதை. பாடாதிருப்பது அவமதிப்பு ஆகாது என்பது முதல் படி. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும்; சட்ட வலு இல்லாத துறைச் சுற்றறிக்கை போதாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது படியைப் புரிந்துகொண்ட பதினாறு வயது மாணவர், பின்னாளில் எந்த அலுவலகத்திலும் "மேலிடத்து உத்தரவு" என்ற சொல்லைக் கேட்டவுடன் அடங்கிவிட மாட்டார். உத்தரவு எந்தச் சட்டத்தின்கீழ் பிறந்தது என்று கேட்பார்.

பயிற்சியின் உயிர்நாடி அடுத்த கட்டத்தில் உள்ளது. முதல் சுற்று முடிந்ததும் தரப்புகளை மாற்ற வேண்டும். காலையில் குழந்தைகளுக்காக வாதிட்டவர் மாலையில் அரசுக்காக வாதிட வேண்டும். எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது நல்லது. தான் நம்பாத ஒன்றுக்காக நேர்மையாக வாதம் தேடும் மாணவர், மறுதரப்பில் இருப்பவர் முட்டாளும் அல்லர், தேசத்துரோகியும் அல்லர் என்பதை அனுபவத்தில் அறிகிறார். தொலைக்காட்சி விவாதங்களும் கைப்பேசிச் செய்திகளும் நாள்தோறும் கற்பிப்பதற்கு நேர் எதிரான பாடம் இது.

அதே கேள்வி மீண்டும் வந்ததையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். திரையரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் கட்டாயம் ஒலிக்க வேண்டும் என்று 2016 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 2018 ஜனவரி 9-இல் அது கட்டாயமில்லை என மாற்றப்பட்டது. முன் தீர்ப்பு ஒன்று இருந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

பள்ளியே எதிர்மனுதாரர்: எந்த வழக்கை எடுப்பது என்பதில்தான் பள்ளி நிர்வாகங்களுக்கும் தன்னார்வ வழக்குரைஞர்களுக்கும் இடையே உரசல் வர வாய்ப்பு அதிகம். காப்புரிமை, இணையக் குற்றம், கற்பனை நாடுகளின் எல்லைத் தகராறு என்றால் எந்த முதல்வரும் மறுக்கமாட்டார். வழக்கு வகுப்பறைக்கு அருகில் வரும்போதுதான் தயக்கம் எழும்.

தில்லிக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1973-ஆம் ஆண்டின் தில்லி பள்ளிக் கல்வி விதிகளில் மாணவர்களுக்கு உடல்ரீதியான தண்டனை அளிக்க இடம் இருந்தது. பெற்றோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2000 டிசம்பர் 1-ஆம் தேதி அந்த விதியை ரத்து செய்தது. குழந்தையின் கண்ணியமும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் பாதுகாப்புக்குள் வருகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையுடன் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது.

அதே சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 12-இல் இதை ஏற்றபோது மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். அந்த 25 சதவீதத்தில் சேர்ந்தவரும் முழுக் கட்டணம் செலுத்தியவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே கோப்பின் இரு பக்கங்களையும் வாதிடும் காட்சியை எத்தனை பள்ளிகள் அனுமதிக்கும் என்பது கேள்வி.

விடை இன்னும் எழுதப்படாத வழக்குகளும் உண்டு. கர்நாடகத்தில் கல்வி நிலையங்களில் ஹிஜாப் அணிவது தொடர்பான வழக்கில் 2022 அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, சுதான்சு துலியா ஆகியோர் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். உரிய அமர்வை அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதிக்கு அனுப்பப்பட்டது. ஒரே ஆவணங்களைப் படித்து, ஒரே வாதங்களைக் கேட்ட இரண்டு நீதிபதிகள் எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த சட்ட வகுப்பு மேல்நிலை மாணவருக்குக் கிடைப்பது அரிது. ஆனால் வகுப்பில் பதற்றம் நிலவும் இடத்தில் இதை எடுப்பதா வேண்டாமா என்பதை ஆசிரியர்களுடன் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அங்கியும் விளம்பரமும்: பள்ளிக்குச் செல்லும் வழக்குரைஞர் தமது தொழில் விதிகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கட்டணம் தர இயலாதவருக்கும் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுமாறு பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. எனவே பள்ளிக்குச் செலவிடும் சனிக்கிழமை முழுக்க முழுக்க அவரது விருப்பத்தைப் பொருத்ததே.

அதே விதிகள் வழக்குரைஞர் தம்மை விளம்பரப்படுத்திக் கொள்வதையும் வழக்குத் தேடுவதையும் தடை செய்கின்றன. பள்ளி மேடையில் பெரிய பதாகையில் பெயர், தொலைபேசி எண், அலுவலக முகவரி என்று போட்டுக்கொண்டால் சேவை எங்கு முடிந்து விளம்பரம் எங்கு தொடங்குகிறது என்ற கேள்வி எழும். அங்கியையும் வெண்ணிறக் கழுத்துப் பட்டையையும் நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அணிவதற்கும் கட்டுப்பாடு உண்டு. மாணவர்களுக்கு அங்கி மாட்டிப் படம் எடுப்பதில் காட்டும் ஆர்வத்தை, வழக்குக் குறிப்பு எழுத வைப்பதில் காட்டுவது பயனுள்ளது.

விளிக்கும் சொல்லும் ஒரு பாடமே. "மை லார்ட்" என்று மாணவர்கள் முழங்குவது வழக்கம். அந்தச் சொல் காலனி ஆட்சியின் எச்சம் என்று கருதிய இந்திய பார் கவுன்சில், உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் "யுவர் ஹானர்" அல்லது "மாண்பமை நீதிமன்றம்" என்றும், கீழமை நீதிமன்றங்களில் "ஐயா" என்றும் விளிக்கலாம் என 2006-இல் விதி செய்தது. பழைய சொல் இன்னும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

எச்சரிக்கை வேண்டிய இடம்: பரபரப்பான குற்ற வழக்குகளை மாணவர்களிடம் வாதத்துக்குத் தருவது எளிதில் கவனத்தை ஈர்க்கும். ஆனால் பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டமும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை மறைத்துக் காக்கின்றன. உள்ளூரில் நடந்த சம்பவத்தைப் பெயர் மாற்றித் தந்தாலும், அதனால் பாதிக்கப்பட்டவர் அதே வகுப்பில் அமர்ந்திருக்கக் கூடும்.

இன்னொன்றும் உண்டு. சட்டம் தெரிந்த ஒருவர் நம்பிக்கையோடு பேசினால், சில குழந்தைகள் வகுப்பு முடிந்தபின் தனியே வந்து தம் வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தன்னார்வலராகச் சென்ற வழக்குரைஞருக்கும் இது பொருந்தும். எனவே பள்ளியில் யாரிடம் சொல்வது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்பனவற்றை முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டாத பள்ளிகள்: மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2013-இல் 11-ஆம் வகுப்பில் சட்டவியலை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு பாடத்தைப் பட்டியலில் சேர்ப்பது வேறு. அதைக் கற்பிக்க ஆசிரியரும் விரும்பிப் படிக்க மாணவரும் கிடைப்பது வேறு. மாதிரி நீதிமன்றப் போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், சரளமாக ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளே மேடை ஏறுகின்றனர். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான "கிளாட்" நுழைவுத் தேர்வும் 2008-இல் தொடங்கியது முதல் ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது.

இந்த இடைவெளியைக் கண்டே சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் "ஐடியா" என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை, கிராமப்புற, மாற்றுத்திறன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்வது அதன் பணி. பயிற்சி அளிப்பவர்களில் பெரும்பாலோர் சட்ட மாணவர்கள். 2019-இல் அவர் காலமான பின்னரும் அப்பணி தொடர்ந்தது. தன்னார்வம் ஓர் அமைப்பாக உருவெடுத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

அரசின் கடமை இதில் இல்லாமல் இல்லை. சமமான நீதிக்கும் இலவச சட்ட உதவிக்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்ற 39-ஏ பிரிவு, 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. அதன் வழியே வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9-இல் அமலுக்கு வந்தது. மக்களிடையே சட்ட அறிவைப் பரப்புவதும், குறிப்பாக நலிந்த பிரிவினருக்குக் கற்பிப்பதும் தேசிய ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்று. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு தகுதி அளிக்கிறது. உதவி எண் 15100. இந்த ஒரு பிரிவையாவது தெரிந்துகொண்டு பள்ளியைவிட்டு வெளியேறும் மாணவர் எத்தனை பேர்?

தாய்மொழியில் வாதம்: தில்லி அரசுப் பள்ளிகளில் மாதிரி நீதிமன்றம் நடக்க வேண்டுமானால் அது இந்தியில் நடக்க வேண்டும், தமிழகத்தில் என்றால் தமிழில் நடக்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் இயங்க வேண்டும் என்கிறது 348-ஆவது பிரிவு. ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன் இசைவுடன் உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்று அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வழி விடுகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த வழி கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 2012 அக்டோபரில் அத்தகைய கோரிக்கைகளை ஏற்கவில்லை.

உயர் நீதிமன்றத்தின் மொழி எதுவாக இருந்தாலும், பள்ளியின் மாதிரி நீதிமன்றத்துக்கு 348-ஆவது பிரிவு பொருந்தாது. அங்கே தமிழில் வாதிட எவர் அனுமதியும் தேவையில்லை. "முன் தீர்ப்பு", "எதிர்மனுதாரர்", "நியாயமான கட்டுப்பாடு" போன்ற சொற்கள் பதினாறு வயதில் நாவில் பழகினால், நாளை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வரும்போது அதைப் பேச ஆள் இருக்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்தும் ஏழு பள்ளிகளின் மாணவர்கள் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவர்கள். ஒரே வழக்கை மூன்று மொழிகளில் வாதிட்டுப் பார்க்கும் முயற்சிக்கு அவற்றைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் வேறில்லை.

படிக்கப் பொருளும் முன்பைவிட எளிதில் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் மின்னணுத் தொகுப்பு 2023 ஜனவரியில் இலவசமாகத் திறக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்புகளும் வெளியாகின்றன. அரசியல் சட்ட அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் ஒளிபரப்பாகின்றன. சுத்தியல் இல்லாத உண்மையான நீதிமன்றத்தை மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்தே காணலாம்.

பிற நாடுகளில்: அமெரிக்காவின் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1972-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று அன்றாடச் சட்டத்தைக் கற்பிக்கத் தொடங்கினர். அதே நகரில் 1999-இல் அமெரிக்கன் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டத்தில், சட்ட மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் அரசியல் சட்டம் கற்பிக்கிறார்கள். மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றமும் நடத்துகிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வந்த மாணவர்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல் அளித்த தீர்ப்பு, அந்நாட்டு மாணவர் உரிமை வழக்குகளில் முதன்மையானது. மாணவர் வாழ்விலிருந்து எழுந்த வழக்குகளையே மாணவர் முன் வைக்கும் வழி அங்கே நிலைபெற்றுவிட்டது.

நவம்பரோடு முடியாமல்: நம் நாட்டில் நவம்பர் 9 தேசிய சட்டப் பணிகள் தினம், நவம்பர் 26 அரசியல் சட்ட தினம். பள்ளிகளில் சட்டம் பற்றிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த இரு நாள்களையொட்டியே நடக்கின்றன. முகவுரையை வாசித்து, உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் வழங்கி முடித்துவிட்டால் அடுத்த நவம்பர் வரை பேச்சில்லை. ஒரு வழக்கைப் படித்து, குறிப்பு எழுதி, இரு தரப்பும் வாதிடக் குறைந்தது ஆறு வாரங்களாவது வேண்டும். அதற்கு ஒரே வழக்குரைஞர் அதே பள்ளிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தன்னார்வ வழக்குரைஞர்களின் பட்டியலை வைத்திருக்கலாம். வழக்குரைஞர் சங்கங்கள் ஆளுக்கொரு அரசுப் பள்ளியை ஏற்கலாம். மாநில மொழியில் பத்து மாதிரி வழக்குகளைத் தயாரித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அளிக்கலாம். தரப்பு மாற்றி வாதிடுவதை விதியாக்கலாம். பரிசு, சரளமாகப் பேசியவருக்கு அல்லாமல், நீதிபதியின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னவருக்குப் போக வேண்டும்.

கேரளத்துக் குழந்தைகள் நீக்கப்பட்டபோது, அரசின் முடிவு வரும் வரையாவது வகுப்பில் அமர விடுங்கள் என்று அவர்களின் தந்தை தலைமை ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார். தம்மால் இயலாது என்றார் அவர். மேலதிகாரியின் உத்தரவு அவர் கையில் இருந்தது. எழுந்து நிற்பது போதும் என்று சொல்லும் சட்டமும் அன்றைக்கே இருந்தது. அந்த அறையில் அதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அதைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.